ஏற்காட்டுப் பாறைகளில் கல்பாசி: பார்மோட்ரீமா டிங்டோரம் இனத்தைக் கண்டறிந்து பதிவு செய்ய முழுமையான வழிகாட்டி

சேர்வராயன் மலையில் நடக்கும்போது காப்பித் தோட்ட ஓரத்துப் பாறைகளில் உள்ளங்கை அகலத்திற்குச் சாம்பல் நிற மடல்கள் அடுக்கடுக்காகப் படர்ந்திருப்பதைக் காணலாம். அவற்றுள் மிகுதியாகக் கண்ணில் படும் லைக்கன் (பூஞ்சையும் பாசியும் கூடி ஓருடலாக வாழும் உயிரி) இனங்களில் ஒன்று பார்மோட்ரீமா டிங்டோரம். மரப்பட்டையிலும் வளரும் இந்த இனத்தைப் பாறையில் அடையாளம் கண்டு, பிறர் நம்பி எடுத்தாளக்கூடிய ஒரு பதிவாக மாற்றுவது எப்படி என்பதை மட்டுமே இங்கு எழுதுகிறேன்.

முதன்முறையாக லைக்கன் பார்க்க வருபவர்களுடன் பல நாட்கள் இம்மலையில் நடந்திருக்கிறேன். அவர்கள் இடறுவதற்குப் பெரும்பாலும் அறிவுக்குறை காரணமில்லை. வேலைகளின் வரிசை மாறுவதே காரணம். பெயர்த்த பிறகு பாறையைப் பார்ப்பதும், நனைத்த பிறகு நிறத்தைக் குறிப்பதும், வேதிச் சோதனை செய்த பிறகு லென்ஸை எடுப்பதும் திரும்பப் பெற முடியாத இழப்புகள். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாமல் பின்பற்றுங்கள்.

1. புறப்படுவதற்கு முன் தேவையானவை

10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், 15 சென்டிமீட்டர் அளவுகோல், மெல்லிய அலகுள்ள கத்தி, தண்ணீர் தெளிக்கும் சிறு குப்பி, பென்சில், குறிப்பேடு, காகித உறைகள் ஆகியவை போதும். உறைகளை முந்தைய இரவே மடித்து, ஒவ்வொன்றிலும் வரிசை எண்ணைப் பென்சிலால் எழுதிவிட வேண்டும். ஈரமான மாதிரி பட்டால் பேனா மை ஊறிப் பரவும். பென்சில் எழுத்து அப்படியே நிற்கும்.

அளவு காட்டுவதற்கு நாணயத்தை வைத்துப் படம் எடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பழைய ஒரு ரூபாய் நாணயமும் புதிய ஒரு ரூபாய் நாணயமும் ஒரே விட்டம் கொண்டவை அல்ல. பத்து ஆண்டுகள் கழித்துப் படத்தைப் பார்ப்பவருக்கு அது எந்த நாணயம் என்று தெரியப் போவதில்லை.

அனுமதி பெறுவதும் முன்னேற்பாட்டில் அடங்கும். காப்புக்காட்டில் எதையும் எடுப்பதற்கு வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். தனியார் தோட்டமானால் உரிமையாளரிடம் கேட்க வேண்டும். உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம், 2002 லைக்கன்களுக்கும் பொருந்தும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அனுமதி கைக்கு வராவிட்டால் படமும் குறிப்பும் மட்டும் எடுத்துத் திரும்புங்கள். கீழே உள்ள ஐந்தாம் பகுதி வரை எதையும் பெயர்க்காமலேயே செய்யலாம்.

காலம்: வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், தை முதல் பங்குனி வரை ஏற்றது. அந்த நாட்களிலும் காலை மூடுபனி பாறையை நனைத்து வைத்திருக்கும் என்பதால் பத்து மணிக்குமேல் வேலையைத் தொடங்குவது நல்லது. காய்ந்த லைக்கனே தன் உண்மையான நிறத்தைக் காட்டும்.

2. வீட்டிலேயே ஒரு நாள் பயிற்சி

மலைக்குச் செல்லுமுன் மளிகைக் கடையில் ஐம்பது கிராம் கல்பாசி வாங்கி வெள்ளைத் தாளில் பரப்புங்கள். செட்டிநாட்டு மசாலாவில் சேரும் அதே பொருள்தான். பெயரில் கல் இருந்தாலும் சந்தைக்கு வருவதில் பெரும்பகுதி மரப்பட்டையிலிருந்து எடுக்கப்பட்டது; அது ஒரே இனமும் அன்று. பார்மோட்ரீமாவின் பல இனங்களும், ஒடுங்கிய நாடா போன்ற மடல்களையுடைய எவர்னியாஸ்ட்ரமும், பட்டைத் துணுக்குகளும் அதில் கலந்திருக்கும்.

இந்தக் கலப்பே பயிற்சிக்கு உதவுகிறது. அகன்ற மடல், ஒடுங்கிய மடல் என்று முதலில் பிரியுங்கள். பிறகு அகன்றவற்றை லென்ஸின் கீழ் வைத்து, மேற்பரப்பில் சிறு தூண்கள் நிற்கின்றனவா, மாவு போன்ற பொடி உதிர்கிறதா என்று பார்த்து மீண்டும் பிரியுங்கள். தூண்கள் ஐசிடியா, பொடி சொரீடியா. இரண்டும் லைக்கன் தன்னைப் பரப்பிக்கொள்ளும் வழிகள்தாம். ஆனால் ஐசிடியத்திற்கு மேல்தோல் உண்டு, சொரீடியத்திற்கு இல்லை. ஆகவே ஐசிடியா உடலின் நிறத்திலேயே வழவழப்பாக இருக்கும். சொரீடியா தோல் கிழிந்த இடத்தில் மாவாக வெளிவரும். இந்த வேறுபாடு கண்ணுக்குப் பழகாமல் மலைக்குச் சென்றால் அங்கே எல்லாமே சாம்பல் நிறப் பாசியாகத்தான் தெரியும்.

3. எந்தப் பாறையில் தேடுவது

சேர்வராயன் மலையின் பாறை பெரும்பாலும் சார்னோக்கைட். ஊரார் பொதுவாகக் கருங்கல் என்பார்கள். சிலிக்கா மிகுந்த கடினமான பாறை. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டை அடையும் வழியில், சாலையோரப் பாறைகளைக் கவனித்துக்கொண்டே வாருங்கள். அடிவாரத்து வெயிலில் பாறையோடு பாறையாக ஒட்டிய மேலோட்டு வகை லைக்கன்களே மிகுதி. மேலே பனியும் நிழலும் கூடக் கூட, இலை போன்ற மடல்களை விரிக்கும் வகைகள் பெருகும்.

நமது இனம் விரும்பும் இடம் அரைநிழல். காப்பித் தோட்டத்தில் சில்வர் ஓக் மரங்களுக்கு இடையே கிடக்கும் பெரும்பாறையின் சரிந்த பக்கம், மெத்தைபோல் படரும் பாசப்புல் (மாஸ்) தொடங்கும் விளிம்பு, மழைநீர் ஓடி வடிந்துவிடும் சரிவு ஆகியவற்றில் முதலில் தேடுங்கள். நீர் தேங்கி நிற்கும் குழிகளில் அது வாழாது. நீர் ஓயாமல் கசியும் இடங்களில் காணப்படும் கருங்கோடுகள் பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசிகள். அங்கே நேரம் செலவிட வேண்டாம்.

திறந்த வெயிற்பாறையில் மஞ்சள் கலந்த வெளிர்பச்சையில், ஒடுங்கிய மடல்களோடு பாறையை இறுகப் பற்றியிருப்பது சாந்தோபார்மீலியா. புதியவர்கள் முதல் நாளில் கைநீட்டிக் காட்டுவது அநேகமாக இதைத்தான். அந்த மஞ்சள் சாயல் அஸ்னிக் அமிலத்தால் வருவது. நமது இனத்தில் அந்தச் சாயல் அறவே இருக்காது.

கோயில் பாறை, கல்வெட்டு, பழங்காலக் கல்லமைப்பு ஆகியவற்றின்மேல் வளர்வதைத் தொடாதீர்கள். படம் மட்டும் எடுங்கள்.

4. தொடுவதற்கு முன் எழுத வேண்டியவை

பாறையின் முன் நின்றவுடன் குறிப்பேட்டைத் திறக்க வேண்டும். பாறை எந்தத் திசையை நோக்கியிருக்கிறது, சரிவு எவ்வளவு, நிழல் தருவது எது, தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் உயரத்தில் லைக்கன் உள்ளது, அருகில் சாலை இருந்தால் எவ்வளவு தொலைவு என்பவற்றை எழுதுங்கள். லைக்கன்கள் காற்றிலுள்ள மாசை உடல் முழுவதாலும் உறிஞ்சுகின்றன. அதனால் சாலைத் தொலைவு பின்னாளில் வேறொருவருக்குப் பயன்படலாம்.

கைப்பேசியின் ஜி.பி.எஸ். காட்டும் அகலாங்கு நெட்டாங்குகளைத் தசம வடிவில் குறித்துக்கொள்ளுங்கள். அது காட்டும் உயரத்தை மட்டும் அப்படியே நம்பாமல் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது படம். பாறை முழுவதும் தெரிய ஒன்று, லைக்கன் முழுவதும் அளவுகோலுடன் ஒன்று, மடலின் நுனி நெருக்கத்தில் ஒன்று, நடுப்பகுதி நெருக்கத்தில் ஒன்று என நான்கு படங்கள் எடுக்க வேண்டும். சட்டகத்திற்குள் ஒரு வெள்ளைத் தாள் துண்டு இருந்தால் நிறத்தைப் பின்னர் சரிபார்க்கலாம். நெருக்கப் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வருபவர்களிடம், அது பாறையில் இருந்ததா மரத்தில் இருந்ததா என்று மாலையில் கேட்டால் பதில் வராது.

5. உலர்ந்த நிலையில் லென்ஸ் வழியே

இந்தப் பகுதியில்தான் நிதானம் வேண்டும். லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்து, முகத்தைப் பாறையை நோக்கிக் கொண்டுபோங்கள். லென்ஸைப் பாறையருகே வைத்துத் தூரத்திலிருந்து பார்த்தால் பார்வைப் பரப்பு சுருங்கிவிடும்.

முதலில் நிறம்: உலர்ந்த உடல் சாம்பலாகவோ பச்சை கலந்த சாம்பலாகவோ இருக்கும். பிறகு மடல்: வட்டமான நுனி, ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் அகலம், விளிம்பு சற்றே மேலெழுந்து பாறையை விட்டு விலகி நிற்கும். ஒரு மடலை மட்டும் அளந்து எழுதாமல் ஐந்தாறு மடல்களை அளந்து வீச்சாக எழுதுங்கள்.

அடுத்து விளிம்பு ஓரம். கண்ணிமை மயிர் போன்ற கரிய இழைகள் விளிம்பில் நீட்டிக்கொண்டிருந்தால் அது நமது இனம் அன்று. பார்மோட்ரீமாவின் பல இனங்களில் அந்த இழைகள் உண்டு, டிங்டோரத்தில் இல்லை.

கடைசியாக மேற்பரப்பு. விளிம்பிலிருந்து நடுவை நோக்கி லென்ஸை மெல்ல நகர்த்துங்கள். நுனியில் வழவழப்பான தோல் மட்டும் தெரியும். ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் உள்ளே சென்றதும் ஊசிமுனை போன்ற புள்ளிகள் தலைகாட்டும். இன்னும் உள்ளே சென்றால் அவை உருளைத் தூண்களாக நீண்டு, முதிர்ந்த நடுப்பகுதியில் பவளம்போலக் கிளைத்து, தோலே தெரியாத அளவுக்கு நெருங்கி நிற்கும். இவையே ஐசிடியா. நுனி இளையது, நடு முதியது என்ற வளர்ச்சி முறையை ஒரே உடலில் கண்ணால் பார்க்க முடிவது இந்த இடத்தில்தான். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

சிலர் இந்தக் கட்டத்தில் தூசியைத் துடைப்பதற்காகத் தண்ணீர் தெளித்துவிடுகிறார்கள். நனைந்தவுடன் மேல்தோல் ஒளி ஊடுருவும் தன்மை பெற்று, அடியிலுள்ள பச்சைப்பாசி அடுக்கு வெளியே தெரிய, சாம்பல் நிறம் சில நொடிகளில் பச்சையாகிவிடும். ஒரு மாணவி அப்படி நனைத்த பிறகு "பச்சை நிறம்" என்று எழுதி, அந்த ஒரு சொல்லால் வீட்டில், கேள்விகளாகக் கிளைபிரிந்து இனப்பெயருக்கு இட்டுச்செல்லும் அடையாள அட்டவணையின் தவறான கிளையில் நெடுநேரம் அலைந்தார். தூசி இருந்தால் வாயால் ஊதுங்கள்; போதும்.

6. நனைத்துப் பெயர்த்தல்

உலர்ந்த நிலைக் குறிப்புகள் முடிந்த பிறகே தண்ணீர்க்குப்பி. காய்ந்த மடல் அப்பளம்போல நொறுங்கும். நனைத்து இரண்டு நிமிடம் பொறுத்தால் தோல்போல வளையும். கத்தியின் அலகை மடலுக்கும் பாறைக்கும் இடையே கிடையாகச் செலுத்துங்கள். இந்த இனம் பாறையைத் தளர்வாகவே பற்றியிருக்கும். உளியும் சுத்தியலும் தேவையில்லை.

எடுக்க வேண்டிய துண்டின் வடிவம் முக்கியம். விளிம்பிலிருந்து நடுவரை செல்லும் ஒரு முக்கோணத் துண்டு வேண்டும். அழகாக இருக்கிறது என்று விளிம்பு மடலை மட்டும் எடுத்து வருபவர்களே அதிகம். இளம் விளிம்பில் ஐசிடியா இருக்காது என்பதால் அந்தத் துண்டைக் கொண்டு இனத்தை உறுதி செய்யவே முடியாது. நடுவை மட்டும் எடுத்தால் அடிப்பகுதியின் விளிம்பு அடையாளம் கிடைக்காது.

துண்டு மூன்று விரல் அகலத்திற்குள் இருக்கட்டும். இலை வகை லைக்கன்கள் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் அளவே வளர்பவை. ஒரு சாண் அகல உடலாக வளர அதற்குப் பல்லாண்டுகள் ஆகியிருக்கும். சுற்றுவட்டத்தில் அந்த ஒன்று மட்டுமே இருந்தால் கத்தியை உறைக்குள் வைத்துவிடுங்கள்.

பெயர்த்த துண்டைத் திருப்பிப் பாருங்கள். நடுப்பகுதி கறுப்பாகவும், அதில் பாறையைப் பற்றும் கிளையற்ற சிறு வேரிழைகள் ஆங்காங்கேயும் இருக்கும். விளிம்பை ஒட்டி, வேரிழை ஏதுமற்ற பழுப்பு நிறப் பட்டை ஒன்று வெறுமையாகப் பளபளக்கும். இந்தப் பட்டையின் அகலத்தையும் நிறத்தையும் அங்கேயே எழுதுங்கள்.

7. வேதிச் சோதனை: அறையில், உலர்ந்த பிறகு

பாறையின்மேலேயே சோதனைத் துளியை விடுவது தவறு. சொட்டு விழுந்த இடத்தில் லைக்கன் இறந்துபோகும். ஈரம் கரைசலை நீர்க்கச் செய்து முடிவையும் கெடுக்கும். துண்டு நன்றாக உலர்ந்த பிறகு, அதிலிருந்து கிள்ளிய சிறு பகுதியில் சோதியுங்கள்.

இரண்டு கரைசல்கள் வேண்டும். முதலாவது, 100 மில்லி நீரில் 10 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. இதைக் 'கே' என்று குறிப்பார்கள். நீரில் வில்லைகளைச் சிறிது சிறிதாக இட வேண்டும், கரையும்போது சூடேறும், தோலை அரிக்கும். கையுறையும் கண்ணாடியும் அணியாமல் இதைச் செய்யக்கூடாது. பிளாஸ்டிக் குப்பியில் வையுங்கள். இரண்டாவது, வாசனை சேர்க்காத வெளுப்புக் கரைசல், அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட், இது 'சி'. அமிலம் எதனோடும் இதைச் சேர்க்காதீர்கள். 'பி' எனப்படும் மூன்றாவது சோதனைக்கான பாராஃபினைலின்டையமின் நச்சுத்தன்மை உடையது. அதை ஆய்வகத்திற்கு விட்டுவிடுங்கள்.

முதலில் மேல்தோலின்மீது குச்சிமுனையால் 'கே' துளி. மஞ்சளாக மாற வேண்டும். தோலில் அட்ரனோரின் என்ற லைக்கன் வேதிப்பொருள் இருப்பதைக் காட்டும் நிறம் அது.

அடுத்த சோதனைக்குத் தோலைச் சீவ வேண்டும். புதிய பிளேடின் முனையைச் சாய்த்துப் பிடித்து, மேல்தோலையும் பச்சை அடுக்கையும் கடுகளவு இடத்தில் சுரண்டினால் பஞ்சுபோன்ற வெள்ளை உள்ளடுக்கு தெரியும். அந்த வெண்மையில் 'சி' துளியை வைத்துக் கண்ணை எடுக்காமல் பாருங்கள். சுண்ணாம்பில் மஞ்சள் பட்டதுபோல நொடியில் சிவக்கும்; பிறகு மங்கிவிடும். லெக்கனோரிக் அமிலம் இருப்பதற்கான அடையாளம் இது. தலையைத் திருப்பிப் பேசிக்கொண்டிருந்தால் சிவப்பு வந்துபோனது தெரியாது. வேறோர் இடத்தில் உள்ளடுக்கின்மேல் 'கே' மட்டும் வைத்தால் நிறமாற்றம் இராது.

இங்கே நிகழும் தவறுகள் இரண்டு. தோலைச் சீவாமல் 'சி' விட்டு, மாற்றமில்லை என்று எழுதுவது ஒன்று; லெக்கனோரிக் அமிலம் உள்ளடுக்கில்தான் இருக்கிறது. பழைய வெளுப்புக் கரைசலைப் பயன்படுத்துவது மற்றொன்று. தொடக்க நாட்களில் அலமாரியில் கிடந்த பழைய குப்பியை நம்பி, ஒரு நாள் திரட்டல் முழுவதற்கும் 'மாற்றமில்லை' என்று எழுதினேன். மறுமாதம் புதுக் கரைசலில் அத்தனையும் சிவந்தன. அன்றிலிருந்து, சிவக்கும் என்று உறுதியாகத் தெரிந்த ஒரு பழைய துண்டைத் தனியே வைத்து, ஒவ்வொரு முறையும் அதில் முதலில் சோதித்த பிறகே மற்றவற்றைத் தொடுகிறேன். லைக்கன் அமிலங்கள் உலர்ந்த மாதிரியில் பல்லாண்டுகள் கெடாமல் இருப்பதால் அதே துண்டு நெடுநாள் உதவும்.

8. ஏமாற்றும் உறவினர்கள்

பார்மோட்ரீமா சாக்கட்டிலோபம்: அகன்ற மடல், ஐசிடியா, இழையற்ற விளிம்பு என எல்லாம் ஒத்திருக்கும். ஆனால் உள்ளடுக்கு 'சி'யில் சிவக்காது. வெளித்தோற்றத்தைக் கொண்டு இதைப் பிரிக்க முயல வேண்டாம். வேதிச் சோதனையைத் தவிர்க்கக்கூடாது என்று நான் வலியுறுத்துவது இந்த ஓர் இனத்திற்காகவே.

பார்மோட்ரீமா ஆஸ்ட்ரோசைனென்ஸ்: 'சி'யில் சிவக்கும். ஆகவே லென்ஸைப் பார்க்காமல் சோதனையை மட்டும் நம்புபவரை இது ஏமாற்றும். இதன் விளிம்பில் மாவுபோன்ற சொரீடியா இருக்கும், ஐசிடியா இராது. அடிப்புற விளிம்பில் வெண்திட்டுகள் காணப்படும்.

பார்மோட்ரீமா ரெட்டிகுலேட்டம்: மேல்தோலில் வலைபோன்ற வெண்கோடுகளும் வெடிப்புகளும் சொரீடியாவும் உண்டு, உள்ளடுக்கு 'கே'யில் மஞ்சளாகிப் பின் சிவக்கும். பார்மோட்ரீமா கிரினிட்டத்தில் ஐசிடியா உண்டு, ஆனால் அவற்றின் நுனியிலேயே கரிய இழைகள் முளைத்திருக்கும். இவ்விரண்டையும் லென்ஸே பிரித்துவிடும்.

9. உறை, சீட்டு, பாதுகாப்பு

மாதிரியைப் பிளாஸ்டிக் பையில் ஓர் இரவு வைத்தாலும் பூஞ்சை பிடிக்கும். காகித உறையில் இட்டு, நிழலில் காற்றாட இரண்டு மூன்று நாள் உலர்த்துங்கள். பூக்களைப்போல அழுத்தி வைத்தால் ஐசிடியா முறிந்து உதிரும். அடிப்புறத்தைப் பார்க்கத் திருப்பும்போது மேற்பரப்பு மொட்டையாக இருக்கும். உலர்ந்த உறையைப் பூச்சி அரிக்காமலிருக்க, காற்றுப்புகா டப்பாவில் வைத்து ஒரு வாரம் உறைபெட்டியில் (ஃப்ரீசரில்) இட்டு எடுக்கலாம்.

சீட்டில் இடம், அகலாங்கு நெட்டாங்கு, உயரம், பாறை வகை, திசை, நிழல், நாள், திரட்டியவர், வரிசை எண், 'கே' 'சி' முடிவுகள் ஆகியவை வேண்டும். "ஏற்காடு, பாறை" என்று மட்டும் எழுதிய சீட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் பாறைக்கு மீண்டும் எவராலும் போக முடியாது. பத்தாண்டு கழித்து அங்கே அந்த லைக்கன் இருக்கிறதா இல்லையா என்று கேட்கவே வழியில்லை.

10. உறுதிப்படுத்துதல்

முதல் பத்து மாதிரிகளையாவது அனுபவம் உள்ள ஒருவர் பார்க்க வேண்டும். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் உள்ளது. லக்னோவில் உள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம் நாட்டின் முக்கியமான லைக்கன் சேகரத்தைப் பேணுகிறது. அனுப்புவதற்கு முன் கடிதம் எழுதிக் கேளுங்கள். மாதிரியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை அதே வரிசை எண்ணோடு உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். பதிலில் வரும் பெயரை உங்கள் கைப்பாதியோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் எந்த அடையாளத்தைத் தவறவிட்டீர்கள் என்பது விளங்கும்.

பெயர் மாறி வந்தால் பழைய சீட்டை அழிக்கவோ கிழிக்கவோ கூடாது. புதிய பெயர், தீர்மானித்தவர், நாள் ஆகியவற்றை எழுதிய இரண்டாவது சீட்டை அதே உறையில் பழையதை மறைக்காமல் அதற்கு மேலே ஒட்டி, குறிப்பேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே மாற்றத்தைக் குறித்துவிடுங்கள்.